கொப்பு போட்ட காளான்

1

நாங்கள் குடியிருக்கும் சுவிட்சர்லாந்து மலையூரில், காட்டில் பொறுக்கிய காளானைச் சோதித்துச் சொல்வதற்கென்றே ஊராட்சி ஓர் ஆளை வைத்திருக்கிறது. இதைச் சொன்னால் என் சொந்த ஊரான போடிப் பக்கம் யாரும் நம்புவதில்லை. "வேற சோலி இல்லையா அந்த ஊர்க்காரனுக்கு?" என்று அண்ணன் கேட்டார்.

சனிக்கிழமை மாலை, தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஓர் அறை. நீள மேசை, மேலே பளிச்சென்று ஒரு விளக்கு. கூடையோடு வரிசையில் நிற்க வேண்டும். மூக்கு நுனியில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் ஒவ்வொரு காளானாக எடுத்து, முகர்ந்து, நகத்தால் கீறிப் பார்த்து, நல்லதை இந்தப் பக்கமும் ஆகாததை அந்தப் பக்கமும் ஒதுக்குவார். கொடிய விஷக் காளான் ஒன்று நடுவில் கலந்திருந்தால் கூடை முழுவதும் குப்பைக்குப் போகும். அழுதாலும் நடக்காது. நல்லது ஏதாவது மிஞ்சினால் ஒரு சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்.

முதல் தடவை போனபோது என் மானத்தை நானே வாங்கிக்கொண்டேன். எனக்குத் தெரிந்த ஜெர்மன் எல்லாம் முதியோர் இல்லத்துச் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே கற்றது. அங்கே எல்லோரும் எல்லோருக்கும் 'நீ'தான். அந்தப் பழக்கத்தில், "நீ இதைத் தின்பாயா?" என்று அந்த அம்மாளிடம் கேட்டுவிட்டேன். வரிசையே என்னைப் பார்த்தது. அவர் நிதானமாக, "நான் தின்ன மாட்டேன். நீங்களும் தின்னாதீர்கள்" என்று சொல்லிக் கூடையைக் கவிழ்த்தார்.

என் மகள் கயல் அன்று கூட இல்லாதது நல்லதாய்ப் போயிற்று. அவளுக்கு இப்போது பதினேழு வயது. என் ஜெர்மனைக் கேட்டால் தரையைப் பார்ப்பாள். வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவள் பெரும்பாலும் ஜெர்மனில் பதில் சொல்வாள். பள்ளிக்கூடத்துப் பேச்சு, தோழிகள் பேச்சு எதுவும் எங்கள் பக்கம் வராது. காளான் ஒன்றுதான் எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது. அதுவும் அவளாகப் பிடித்துக்கொண்டது. ஒரு கோடை விடுமுறையில் அந்த மேசை அம்மாளுக்கு எடுபிடியாகப் போனவள், திரும்பி வரும்போது லத்தீன் பெயர்களோடு வந்தாள்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் வீட்டுக்கு மேலே இருக்கும் காட்டுக்குப் போனோம். ஒரு பெரிய ஊசியிலை மரத்தின் அடியில், ஒரே தூரில் மூன்று தலையாக, பழுப்பு நிறத்தில் குண்டுக் காளான்கள் கிளம்பியிருந்தன. இங்கே காளான்களில் அதற்குத்தான் முதல் மரியாதை. இன்னும் சின்னவை, ஒரு ராத்திரி விட்டால் உள்ளங்கை அளவுக்கு வந்துவிடும். நான் கத்தியை எடுத்தேன். கயல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்து மரத்தில் ஒரு பச்சைக் கொப்பை ஒடித்து, அந்த மூன்று தலைகளுக்கும் குறுக்கே வைத்துவிட்டு எழுந்தாள்.

"வாங்கோ அப்பா, காலமை வருவம்."

"இது போடிமெட்டு இல்லம்மா. இங்க யாருக்கு இது தெரியும்?" என்றேன்.

அவள் முன்னால் நடந்தாள். இறங்கி வரும் வழியெல்லாம் எனக்குப் போன வருஷ நினைவுதான்.

2

கயலின் தமிழைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். இங்கே சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை நடத்துகிறவர்கள் ஈழத்துக்காரர்கள். என் மகள் பேசுகிற கொஞ்சத் தமிழும் யாழ்ப்பாணத் தமிழ். போன வருஷம் ஆடி மாதம் போடிக்குப் பக்கத்தில் ராசிங்காபுரத்தில் அண்ணன் வீட்டில் போய் இறங்கினோம். மதினி, "சாப்பிடுறியா ஆத்தா?" என்று கேட்டதற்கு இவள் யாழ்ப்பாண வழக்கில் ஆமாம் என்பதற்கு "ஓம்" என்றாள். மதினி திருநீறை எடுத்து நெற்றியில் பூசிவிட்டார். பிள்ளை வெளிநாட்டில் இருந்தும் பக்தியாக வளர்ந்திருக்கிறது என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார்கள். நான் திருத்தவில்லை. நல்ல பெயர் வரும்போது அதைக் கெடுப்பானேன்?

அண்ணன் பெயர் பாண்டி. அடிவாரத்தில் கொஞ்சம் வயல், போடிமெட்டைத் தாண்டிப் பூப்பாறைப் பக்கம் சின்னதாக ஓர் ஏலக்காய்த் தோட்டம். குரல் பெரிது, கோபம் அதைவிடப் பெரிது, இரண்டும் வந்த வேகத்தில் இறங்கிவிடும். தம்பி மகளுக்கு மலையைக் காட்டியே தீருவது என்று ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். கொண்டை ஊசி வளைவுகளில் கயல் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. நான்தான் பாதி வழியில் ஜீப்பை நிறுத்தச் சொன்னேன். சுவிஸ்காரனாகிவிட்டேன் என்று அண்ணன் சிரித்தார்.

அவள் கேட்ட கேள்விகள் இருக்கிறதே! தோட்டத்துக்குள் இவ்வளவு ஈரமும் நிழலும் இருக்க, ஏன் யாரும் உள்ளே கீரை பறிப்பதில்லை? ஏலத்துக்கு அடிக்கிற மருந்து மண்ணெல்லாம் இறங்கியிருக்கும், வேலிக்கு உள்ளே முளைத்த எதையும் வாயில் வைக்க மாட்டோம் என்றார் அண்ணன். அப்படியானால் எங்கே பறிப்பீர்கள்? வேலிக்கு வெளியே, ரோட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவில் கிடக்கும் புறம்போக்குச் சரிவில். எந்தக் காளான் நல்லது என்று எப்படித் தெரியும்?

"புத்துல பூத்தா எடுப்போம். மரத்துல பூத்தா தொட மாட்டோம்."

"அவ்வளவுதானா?" என்று கயல் என்னைப் பார்த்தாள். அவளுடைய மேசை அம்மாள் கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார். ஆனால் புற்றுக் காளானைப் பற்றி இவளுக்கும் ஒரு செய்தி தெரிந்திருந்தது. கரையான்கள் புற்றுக்குள்ளே இலையை மென்று பாத்தி கட்டி, அதில் பூஞ்சையை வளர்த்துத் தின்கின்றன. மழைக்கு அதுதான் வெளியே காளானாகத் தலை நீட்டுகிறது. அதனால்தான் அதன் வேர் அவ்வளவு ஆழம் போகிறது. தட்டுத் தடுமாறி அவள் சொல்லி முடித்ததும் அண்ணன் வாயைப் பிளந்தார்.

"அட, கரையானும் தோட்டம் போட்டுத்தான் பொழைக்குதா? அதுவாச்சும் மருந்தடிக்காம வெவசாயம் பண்ணுதே!"

வேலிக்கு வெளியே தனியாகப் போகவே கூடாது, யானை நடமாட்டம் இருக்கிறது என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்தார். அவளும் "ஓம்" என்றாள்.

3

இப்போது கொப்பு வழக்கத்தைச் சொல்கிறேன். போடிக்காரர்களிலேயே டவுனோடு நின்றுவிட்ட பலருக்கு இது தெரியாது.

எங்கள் சரிவில் விரிந்த காளானுக்கு உரிமை கிடையாது. யார் கண்ணில் முதலில் படுகிறதோ அவர் எடுத்துக்கொள்ளலாம். மொட்டாக இருக்கும்போது பார்த்தவர், அதைப் பறிக்காமல் விட்டு, மறுநாள் விரிந்ததும் எடுக்க நினைத்தால் புற்றின் மேல் ஒரு பச்சைக் கொப்பை ஒடித்துப் போட்டுவிட்டு வர வேண்டும். கொப்பு வாடும் வரை அது அவருடையது. வாடிவிட்டால் பொது. தோட்ட முதலாளியானாலும் கூலிக்குக் காய் எடுக்க வருகிறவளானாலும் சட்டம் ஒன்றுதான். பெயர் எழுத வேண்டாம், காவல் வேண்டாம். கொப்பு போட்டதை எடுத்தவர் என்று ஒரு பெயர் வந்துவிட்டால் அதோடு அவரை மலையில் யாரும் எதற்கும் சேர்க்க மாட்டார்கள்.

அந்த வாரம் ராத்திரியெல்லாம் இடி. நாங்கள் மூவரும் தோட்டத்துக்குப் போயிருந்த ஒரு நாள் காலையில் வேலிக்கு வெளியே ஒரு பெரிய புற்று முழுக்க மொட்டு கிளம்பியிருப்பதை அண்ணன் பார்த்துவிட்டு, கொப்பு போட்டுவிட்டு வந்து என்னிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னார். "பிள்ளைகிட்டச் சொல்லிறாத. நாளைக்குக் காலையில திடும்னு காட்டணும்."

மறுநாள் கயலுக்கு வயிறு சரியில்லை. அவளை மதினியிடம் விட்டுவிட்டு நாங்கள் இருவர் மட்டும் மேலே போனோம். காளானுக்காக ஒரு பாத்திரத்தை அண்ணன் பத்திரமாக மடியில் வைத்துக்கொண்டு வந்தார். புற்று வழித்து எடுத்ததுபோல் இருந்தது. கொப்பையும் காணோம். மண்ணில் வேர் பிடுங்கிய குழிகள் மட்டும் இருந்தன.

ரோட்டோரத்து டீக்கடைக்காரர் கேட்காமலேயே சொன்னார். "வேலுத்தாயி எடுத்துட்டுப் போச்சே. காலையில ஜீப்ப விட்டு எறங்குன ஒடனே. நல்ல காளான்."

வேலுத்தாய் எங்கள் ஊர்க்காரிதான். விடியுமுன்பே ஜீப்பில் ஏறி மலைக்கு வந்து, பக்கத்து எஸ்டேட்டில் ஏலக்காய் எடுத்துவிட்டு, சாயங்காலம் அதே ஜீப்பில் இறங்குகிற பெண்களில் ஒருத்தி. காய் எடுக்க ஆள் வேண்டும்போது அண்ணன் தோட்டத்துக்கும் வருவாள்.

அண்ணன் சாயங்காலம் வரை அந்தக் கடையிலேயே உட்கார்ந்திருந்தார். நான் எவ்வளவோ கூப்பிட்டும் வரவில்லை. ஜீப் டீக்கு நின்றது. பெண்கள் இறங்கினார்கள்.

"ஏத்தா வேலுத்தாயி, கொப்பு கெடந்த புத்துல கை வச்சியா?"

"கை வச்சேன். கொப்பு கெடக்கல."

"என் கையால போட்டேன்."

"என் கண்ணால பாத்தேன். கெடக்கல."

மற்றப் பெண்கள் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்கள். வேலுத்தாய் மடியை அவிழ்த்தாள். வெள்ளை வெளேரென்று காளான். "காளானுக்குத்தான இம்புட்டும்? இந்தாங்க, எடுத்துக்கங்க."

"கொப்பு போட்டத எடுத்தவ கையில நான் வாங்க மாட்டேன்" என்றார் அண்ணன்.

அவள் முகம் சிவந்துவிட்டது. மடியை மறுபடி முடிந்துகொண்டு போய் ஜீப்பில் ஏறினாள். பிறகு ஏறி அவள் பக்கத்தில் வந்தவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். இடம் விடுவதற்காகத் தள்ளவில்லை என்பது எனக்கே தெரிந்தது. முன்சீட்டில் இருந்த கங்காணி திரும்பி ஒரு தரம் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் வெற்றிலையை மடித்தார். நாளைக்கு யாரை ஜீப்பில் ஏற்றுவது என்று முடிவு செய்கிறவர் அவர்தான்.

4

சோற்றுக்கு உட்கார்ந்தபோது அண்ணன் மதினியிடம் நடந்ததைச் சொல்லிப் பொருமிக்கொண்டிருந்தார். கயல் ரசஞ்சாதத்தை அளைந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். பாதிக்கு மேல் அவளுக்குப் புரிந்திருக்காது என்று நினைத்தேன். திடீரென்று கேட்டாள்:

"அந்தக் கொப்பு... புத்துக்கு மேல கிடந்ததா?"

"ஆமா ஆத்தா."

"அது குப்பை இல்லையா?"

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். அவள் கையைக் கழுவிவிட்டுப் போய்க் கைபேசியை எடுத்து வந்தாள். முந்தின நாள் மத்தியானம் தோட்டத்தில் நாங்கள் அசந்திருந்த நேரத்தில் வேலியைத் தாண்டிப் போயிருக்கிறாள். புத்தகத்தில் மட்டும் பார்த்த காளான் மொட்டும் மொட்டுமாக நிற்கிறது. நடுவில் ஒரு கொப்பு விழுந்து படத்தை மறைக்கிறது. எடுத்துச் சரிவில் வீசிவிட்டு, விதவிதமாகப் படம் பிடித்திருக்கிறாள். யானைக்குப் பயந்து வேலி தாண்டாதே என்று சொல்லியிருந்ததால் யாரிடமும் மூச்சு விடவில்லை.

"கொப்பை நான்தான் எடுத்தனான், பெரியப்பா."

அண்ணன் தலையைத் தடவிக்கொண்டார். பிறகு, "சரி விடு. தெரியாமச் செஞ்சது. நான் நாளப்பின்ன வேலுத்தாயியப் பாத்துப் பக்குவமாச் சொல்லிக்கிறேன்" என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. இன்னும் சில நாளில் விமானம் ஏறப் போகிறோம்.

மதினிதான் விடவில்லை. "கேட்டது அம்புட்டுப் பேரு முன்னாடி. சொல்றது மட்டும் பக்குவமா, தனியாவா? அவளுக்கு நாளைக்கு ஜீப்புல எடம் இருக்குமான்னு யோசிச்சீகளா?"

கயலுக்கு இந்தப் பேச்சு புரிந்துவிட்டது. ஜீப் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டாள்.

விடியுமுன்பு அண்ணன், நான், கயல் மூன்று பேரும் ஜீப் கிளம்பும் தெருமுக்குக்குப் போனோம். ஜீப் கிளம்பத் தயாராக இரைந்துகொண்டிருந்தது. உள்ளே ஒருவர் மேல் ஒருவராகப் பெண்கள். வேலுத்தாய் கீழே நின்றிருந்தாள், கையில் தூக்குச்சட்டியோடு. அவளுடைய இடத்தில் வேறொருத்தி இருந்தாள். கங்காணி எங்கோ பார்த்துக்கொண்டு, "இன்னைக்கு லோடு சாஸ்தி தாயி" என்றார்.

கயல் நேராகப் போய் அவள் முன்னால் நின்றாள். நான் எத்தனையோ மேடைகளில் அவள் தமிழ்ப் பள்ளிக்காகப் பேசக் கேட்டிருக்கிறேன். எல்லாம் மனப்பாடம். இது மனப்பாடம் இல்லை; வார்த்தை வார்த்தையாகத் தேடிப் பேசினாள்.

"நீங்கள் களவெடுக்கேல்லை. கொப்பை எடுத்து எறிஞ்சது நான். படம் எடுக்கிறதுக்கு. குப்பை எண்டு நினைச்சனான். எனக்குத் தெரியாது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

வண்டிக்குள் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வேலுத்தாய் அவளை மேலும் கீழும் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"ஒனக்குத் தெரியாது ஆத்தா, சரி. ஒங்க பெரியப்பனுக்கு என்ன வந்துச்சு? பத்து வருசமா அவரு தோட்டத்துல காய் எடுக்குறேன். ஒரு காய மடியில வச்சிருப்பேனா? கேளு."

அண்ணன் முன்னால் வந்தார். "நான் கேட்டது தப்புதான், தாயி."

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கண்ணே. இஞ்சின் எரைச்சல்ல முன்னாடி இருக்கவளுகளுக்குக் கேக்கல."

என் அண்ணனுடைய பெரிய குரல் அன்றைக்குத்தான் உபயோகப்பட்டது. தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். கங்காணி செருமிக்கொண்டு பின்பக்கம் ஒருத்தியை நகரச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்துக் கயல் கேட்டாள்: "அந்தக் காளான் எப்பிடி இருந்தது?"

எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவ்வளவு படம் எடுத்தவளுக்கு ருசி தெரியாதே.

வேலுத்தாய் ஒரு காலை ஜீப்பில் வைத்தபடி திரும்பினாள். மெள்ளச் சிரிப்பு வந்தது. "கோவத்தோடதான் கொழம்பு வச்சேன். அப்பிடியும் ஆட்டுக்கறி தோத்துப் போச்சு ஆத்தா. மொளகும் சின்ன வெங்காயமும் தட்டிப் போட்டா அது ஒரு ருசி." பிறகு உள்ளே பார்த்து, "தள்ளி ஒக்காருங்கடி" என்றாள். தள்ளி உட்கார்ந்தார்கள். ஜீப் போய்விட்டது.

திரும்பும் விமானத்தில் கயல் கேட்டுக்கொண்டே வந்தாள். யாரும் பார்க்காத இடத்தில்கூட கொப்பை மதிப்பார்களா? எல்லோருமா? எடுக்கிறவனும் இருப்பான், ஆனால் அவன் வீட்டுக் குழம்பு வாசம் தெருவுக்கு வந்து காட்டிக்கொடுத்துவிடும் என்றேன். அவள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நடுவானில் ஜெர்மனுக்கு மாறாமல் அவள் அவ்வளவு நேரம் பேசியது எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

5

வெள்ளிக்கிழமைக் கதைக்கு வருகிறேன். மறுநாள் காலை கூடையோடு மேலே போனோம்.

காளான் இல்லை. தூரோடு அறுத்து எடுத்து, இங்கத்து வழக்கப்படி மண்ணையும் இலையையும் நேர்த்தியாக மூடிவிட்டிருந்தார்கள். கயலின் கொப்பு மரத்தின் மேல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது, இன்னும் பச்சையாக.

எனக்கு ஆத்திரம் வந்தது. அண்ணனுடைய ரத்தம்தானே எனக்கும். கொப்பைப் பார்த்த பிறகும் எடுத்திருக்கிறானே, ஒடித்து வைத்த கொப்பு என்பதுகூடவா தெரியாது என்று தமிழிலேயே கத்தினேன். கயல் அந்தக் கொப்பைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் வருத்தம்தான், உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம், வேறெங்கோ பொறுக்கிய நாலு காளானோடு சோதனை அறைக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் ஒரு கிழவர், மழைக்கோட்டு, பழைய பிரம்புக் கூடை. அவர் முறை வந்ததும் கூடையை மேசையில் வைத்தார். ஒரே தூரில் மூன்று தலை. நான் ஓர் அடி முன்னால் வைத்தேன். கயல் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

அம்மாள் முகர்ந்து பார்த்து, அருமை என்று தலையசைத்துச் சீட்டைக் கொடுத்தார். கிழவர் கதவருகே போனதும் கயல் பின்னாலேயே போனாள். கண்ணாடிக்கு வெளியே இருவரும் பேசுவது தெரிந்தது. அவள் ஏதோ கேட்டாள். அவர் கூடைக்குள் பார்த்தார், அவளைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார். காளானை எடுத்து நீட்டினார். அவள் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். பிறகு அவர் வலது கையால் காற்றில் ஏதோ கிண்டிக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"என்னம்மா கேட்ட?" என்றேன், அவள் உள்ளே வந்ததும்.

"கொப்பைப் பற்றிக் கேட்டனான். காத்துக்கு முறிஞ்சு விழுந்தது எண்டு நினைச்சாராம். எங்கட பெரியப்பாவின்ர மலையில அதுக்கு என்ன அர்த்தம் எண்டு சொன்னனான். இனிக் கண்டால் தொட மாட்டாராம். தன்ர கூட்டாளிகளுக்கும் சொல்லுவாராம்."

"காளானைத் தந்தாரே, ஏன் வாங்கல?"

"அவருக்குத் தெரியாதுதானே அப்பா. எனக்கும் தெரியாதுதானே."

வரிசை நகர்ந்தது. எங்கள் நாலு காளானில் இரண்டு குப்பைக்குப் போனது. மிச்சம் இரண்டுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம். அண்ணனுக்கு இதையெல்லாம் ஒரு குரல் செய்தியாகப் பேசி அனுப்பினேன். அடுத்த நாள் ஜீப் வரும் முக்கில் நின்று அதை எல்லோருக்கும் கேட்கும்படி போட்டுக் காட்டியிருக்கிறார். வேலுத்தாய் ஒரு பதில் அனுப்பச் சொல்லியிருந்தாள். பின்னால் இஞ்சின் இரைச்சல், நடுவில் அவள் குரல்.

"ஆத்தா, அந்தத் தாத்தா என்னத்தக் கிண்டுனாராம்? கொழம்பா, வறுவலா? கேட்டியா இல்லையா?"

கயல் கேட்டிருந்தாள். வெண்ணெயில் வறுவலாம். தன் யாழ்ப்பாணத் தமிழில் அதைச் சொல்லி, அவரிடம் தான் மிளகு போடச் சொன்னதாகவும் சேர்த்து, அவளே பதில் அனுப்பினாள்.